எங்கள் சேனலில் வந்த குரல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். போன மார்ச்சில், பட்டப்பகலில், என் காதால் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையில் வாக்கி டாக்கி செட்டுகளைப் பராமரிப்பது என் வேலை. செட்டுகளின் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் எங்கள் ரிப்பீட்டர் பெட்டி இயங்கும் அதே சேனல்தான் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ஒரு ரிக் ஆபீசுக்கும். "பைப்ப எறக்குடா மாப்ள" என்று அங்கே கத்தினால் இங்கே எங்கள் ஆள் சோள மூட்டையை இறக்கிவிடுவான். மூன்று வருடமாக இதே இரைச்சல். பேச்சில்லாத நேரத்துக்காக ஏங்குகிறவன் நான். கடைசியில் வெறுத்துப்போய், எல்லாச் செட்டிலும் புது டோன் வைத்தேன். அந்த டோன் இல்லாத செட்டின் பேச்சை ரிப்பீட்டர் வாங்காது. இனி வெளியாள் எவனும் நுழைய முடியாது.

மறுநாள் மதியம் 1.05. மக்காச்சோளம் கொட்டிவைக்கும் உயரமான சைலோவைச் சுத்தம் செய்து முடித்திருந்தார்கள். அடியிலிருந்து சோளத்தை வெளியே தள்ளும் ஸ்க்ரூவை ஓடவிடும் முன், உள்ளே இறங்கியவர்கள் செட்டில் பெயர் சொல்ல வேண்டும். சுவிட்ச் அருகே தனசேகர் நின்றார்.

"காளியப்பன், வெளிய வந்துட்டனுங்க."

"மாரி, வெளிய. அன்பு அப்பவே சோத்துக்குப் போய்ட்டானுங்க."

"அப்ப போட்டுறட்டுங்களாண்ணா?" என்றார் தனசேகர்.

கர்ர்ர்...

"இன்னொருத்தரு உள்ள இருக்காருங்க."

நிதானமான, வயதான குரல்.

ரிப்பீட்டர் அறையில் இருந்த எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏனுங்க, யாருங்க நீங்க? சேனல உடுங்க!"



"ரிக்காரனுக்கு வேற வேலயில்லீங்ணா" என்று சிரித்தார் தனசேகர்.

1.07. ஆத்திரத்தில் ரிப்பீட்டரின் மின் வயரைப் பிடுங்கினேன். அதன் விளக்குகள் அணைந்தன.

அணைந்த பெட்டிக்குள்ளிருந்து...

"சுவிட்ச் போடாதீங்க சாமி."

ஓடினேன்.

தனசேகரின் விரல் சுவிட்ச் மேல்...

அவர் கையைத் தட்டிவிட்டேன்.

உள்ளே அன்பு கிடந்தான், உயிரோடு. சுவரில் ஒட்டியிருந்த சோளம் சரிந்து, மார்புவரை புதைந்திருந்தான். கையில் செட். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. அவன் செட்டில் மட்டும் புது டோன் வைக்க மறந்திருந்தேன்.

பேசும் செட்டின் எண்ணும் நேரமும் ரிப்பீட்டரில் பதிவாகும். மாலையில் பார்த்தேன். 1.06, செட் எண் 17. எங்களிடம் இருப்பதே பன்னிரண்டு செட்.

பழைய பதிவுகளைத் தேடினேன். அந்த எண் இதற்கு முன் ஒரே ஒரு முறை வந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன், ஆகஸ்ட் 9, காலை 11.40.

அன்று அதே சைலோவில் எங்கள் ஆள் பாலசுந்தரம் ஸ்க்ரூவில் சிக்கி இறந்தார். 11.42க்கு.

11.40க்கு வந்த குரலை ரிக்காரன் தொல்லை என்று, அன்று செட்டின் ஒலியைக் குறைத்தது நான்தான்.