மருமகள் படித்துக் காட்டிய இரத்தம்

மட்டக்களப்பில் எங்களுக்குக் குடி, அதாவது குலம், தாய்வழியில்தான் வரும். மகனுடைய பிள்ளை அவன் மனைவியின் குடியைச் சேர்ந்தது. என் தங்கையின் மகன் இரத்த நோய் வந்து, மாதாமாதம் இரத்தம் ஏற்றியும் தங்காமல் போனான். அந்த வருத்தம் எங்கள் குடியோடு நின்றுவிடும் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அதனால், வயிற்றில் பிள்ளையோடு இருந்த மருமகள் மகனோடு என்னையும் இரத்தம் சோதிக்கக் கூப்பிட்டபோது எனக்குக் கோபம் வந்தது.

"உன்ட குடிப் புள்ளைக்கு என்ட இரத்தம் எதுக்குகா?"

"குடி என்டதான், மாமி. உடம்பு ரெண்டு பக்கத்தாலயும் வரும்."

என் நிம்மதி அன்றோடு போயிற்று. மறுநாளே போய் இரத்தம் கொடுத்தேன்.

மருமகள் பல்கலைக்கழகக் கம்பஸில் மரபணுவைக் கம்ப்யூட்டரில் வாசிக்கப் படிக்கிறவள். முடிவு வந்ததும் குருக்கள்மடம் கிராமத்து வீட்டில் என்னைப் பக்கத்தில் இருத்தினாள். திரை நிறைய எழுத்துகள்.

"எல்லாம் நாலு எழுத்துத்தான் மாமி."

"நாலுதானா? நான் அதவிடக் கூடப் படிச்சவள்."

அவள் சிரித்துவிட்டு ஓரிடத்தில் விரல் வைத்தாள். "இதில உங்களுக்கும் உங்கட மகனுக்கும் ஒரு எழுத்து மாறியிருக்கு."

"உனக்கும் மாறியிருக்கா, புள்ள?"

"எனக்கு இந்த வருத்தத்துக்குரிய இடம் எதுவும் மாறல்ல. ஆஸ்பத்திரியிலயும் அதத்தான் சொன்னாங்க. தாய், தகப்பன் ரெண்டு பேருக்கும் மாறியிருந்தாத்தான் அந்த வருத்தம் வரும். நம்மட புள்ளைக்கு வராது."

அவள் தோளில் சாய்ந்து அழுதேன். முன்பு தெரியாமல் நிம்மதியாக இருந்தேன். இப்போது தெரிந்துகொண்டு நிம்மதியாக இருக்கிறேன். இதில்தான் நித்திரை நன்றாக வருகிறது.