பச்சை நிறத்தில் ஒரு கவுண்டி

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கன்டெய்னர் லாரியின் சிவப்புப் பின்கதவு. முந்தைய நாள் மாலை டீ குடித்தபோது பார்த்த அதே எண். அப்போது அது பெட்டிக்கடைக்கு எதிரில் நின்றது. இரவு முழுவதும் ஒரு வீட்டு அகலம் நகர்ந்து இப்போது எங்கள் ஜன்னலுக்கு எதிரில் நின்றது. ஓட்டுநர் டயரில் ஒரு காலை ஊன்றிப் பல் துலக்கிக்கொண்டிருந்தார். துறைமுக வாசலுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது புதிதில்லை. ஆனால் பதினோரு ஆண்டுகளாக ஓர் அமெரிக்கப் புறநகரில், ஆளில்லாத சாலையையும் ஒரே உயரத்துக்கு வெட்டிய புல்லையும் பார்த்துக் கண்விழித்துப் பழகிவிட்டதால், அந்தக் கதவை ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்தேன். அண்ணன் வீட்டில் நான் இருப்பது அது ஐம்பத்து மூன்றாவது நாள். வந்தது பத்து நாட்களுக்கு.

அப்பா இறந்து ஓராண்டு ஆன நினைவுப் பூசைக்காக வந்தேன். மகளுக்குப் பள்ளி, மனைவிக்கு மருத்துவமனைப் பணி. அதனால் தனியாக வந்தேன். திரும்பிப் போகப் புதிய விசா முத்திரை வேண்டும். அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் மூன்று நிமிடத்தில் முடிந்தது. கூடுதல் சரிபார்ப்பு என்று ஒரு தாளைக் கொடுத்து, பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார்கள். இணையதளத்தில் என் எண்ணைப் போட்டால் ஒவ்வொரு நாளும் அதே வரிதான் வருகிறது. எத்தனை நாள் ஆகும் என்று அதில் இல்லை.

இதற்கிடையில் அங்கே நாங்கள் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மனைவி ஜெனி தேடிப் பிடித்ததில் இரண்டு வீடுகள் தேறின. ஒன்று, கவுண்டி எல்லையாக ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கவுண்டியில்: மாடியில் இரண்டு அறை, வாடகை அதிகம். இன்னொன்று, ஓடைக்கு இந்தப் பக்கம், நாங்கள் இருக்கும் கவுண்டியிலேயே: தரைத்தளம், பின்னால் சிறு தோட்டம், மருத்துவமனைக்கு நடந்தே போகலாம். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. அங்கே அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது முகவரியைப் பொறுத்தது. ஓடையின் எந்தக் கரையில் படுத்துத் தூங்குகிறோமோ அந்தக் கரைப் பள்ளி. எங்கள் மகள் ரோஷினி இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு. கெட்டிக்காரிதான், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். மற்றவர்கள் ஒரு பக்கம் முடிக்கும்போது அவள் நான்காவது வரியில் இருப்பாள். எந்தக் கரை என்று நான் சொல்ல வேண்டும். வீட்டில் அது என் பொறுப்பு.

அது ஏன் என் பொறுப்பானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா போகும் முன் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஒவ்வொரு மே மாதமும் மாவட்டவாரித் தேர்ச்சி விழுக்காட்டு அட்டவணை தயாரிப்பது என் மேசைக்கு வரும். எண்களை வரிசைப்படுத்தி, முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு, ஏறியது இறங்கியது என்று அம்புக்குறி போடுவேன். ஜெனியின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு போன எனக்கு அங்கே வேலை பார்க்க அனுமதியில்லாத வருடங்கள் நிறைய இருந்தன. வீடு பார்க்க அழைத்துப்போன முகவர் அம்மாவிடம் இந்தப் பகுதி எப்படி, பள்ளி எப்படி என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தன்னால் எதுவும் சொல்ல முடியாது, தரவைப் பாருங்கள் என்றார். ஏதோ மறைக்கிறார் என்று நினைத்து ஜெனியிடம் கோபப்பட்டேன். அவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது என்று அங்கே விதி இருப்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்டபோது, எல்லாமே நல்ல பள்ளிகள்தான் என்றார். இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டை விற்றுவிட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் போனார். அதன் பிறகு நான் மனிதர்களிடம் கேட்பதில்லை. கவுண்டிவாரியாக வெளியிடப்படும் தேர்ச்சி, வருகை, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாவற்றையும் இறக்கி, நல்லதற்குப் பச்சை, நடுத்தரத்துக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு என்று நானே ஓர் அட்டவணை செய்தேன். அது நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் சுற்றியது. இதைப் படிப்பவர்களில் சிலர் அதைப் பார்த்து வீடு பிடித்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்கு.

அந்தக் காலையிலும் அந்த அட்டவணைதான் மடிக்கணினியில் திறந்திருந்தது. நான்கு நாட்களாகத் திறந்திருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் முழுப் பச்சை, இந்தப் பக்கம் மஞ்சள். முடிவு எளிதாக வந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் இன்னொரு வருடத்தின் எண்களை இறக்கிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் இல்லாத மனிதனுக்கு அது ஒரு வேலையாக இருந்தது.

அண்ணன் ஆரோக்கியம் ஆறரை மணி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்கள் ஆடாமல் இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டும் வேலை. டீ கிளாஸோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா, காலங்காத்தால கலர் கலரா பாத்துகினு கீற? எலக்சன் ரிசல்ட்டா?"

"ஸ்கூல் ரிசல்ட்ண்ணே. அங்க இத வச்சித்தான் வூடு பாப்பாங்க."

அடுப்படியிலிருந்து லூர்து அண்ணியின் குரல் வந்தது. "நாங்கெல்லாம் தண்ணி வருதானு பாத்துத்தான் வூடு புடிப்போம். படிச்சவங்க ரிசல்ட்டு வருதானு பாக்குறாங்க."

"இதுல நம்ம ஏரியாவ போட்டா இன்னா கலரு வரும்?" என்றார் அண்ணன்.

"கொடுங்கையூர் குப்பமேட்டு பொகை கலரு" என்றார் அண்ணி.

அண்ணன் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக் கட்டத்தில் விரலை வைத்தார். அதில் தேர்ச்சி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் என்று இருந்தது.

"இத்தினி பேரு பாஸு. சரி. மொதல்ல எத்தினி பேரு சேந்தாங்க?"

"நூத்துக்கு இவ்ளோன்னு போட்டுக்கீதேண்ணே."

"அது இல்ல நைனா. நாங்க கப்பல்ல ஏத்துன பொட்டிய மட்டும் எண்ண மாட்டோம். யார்டுக்கு எத்தினி வந்துச்சு, எத்தினி ஏறுச்சு, ஏறாதது எங்க போச்சு, மூணையும் எழுதணும். இல்லன்னா சம்பளத்த கட் பண்ணிடுவான். இதுல வந்தது எங்க எழுதிக்கீது?"

கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டார்.

அவர் கேட்டது ஏன் அவருக்கு உடனே தோன்றியது என்பது எனக்குத் தெரியும். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஒன்பதாம் வகுப்பு முடிவில் தலைமை ஆசிரியர் அப்பாவை அழைத்தார். பையனைப் பெயிலாக்க மனது வரவில்லை, பத்தாம் வகுப்புக்குத் தேர்ச்சி என்று போட்டே டி.சி. தருகிறேன், வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்றார். ஒரு வருடம் வீணாகாமல் காப்பாற்றியவர் என்று அப்பா நம்பினார். மறுநாள் விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் ஒரு முழு வஞ்சிரம் வாங்கி, ஐஸ் போட்டுச் சாக்கில் சுற்றி, தலைமை ஆசிரியர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். "தங்கமான மனுசன்டா" என்று வீட்டில் வந்து சொன்னார். அன்று எங்கள் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு. இடம் கிடைத்த பள்ளி எண்ணூர்ப் பக்கம் இருந்தது. அண்ணன் மழைக்காலம் முடியும் வரை பஸ்ஸில் போய்வந்தார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு போகவில்லை. அடுத்த மே மாதம் எங்கள் பள்ளி வாசலில் ஒரு துணிப் பதாகை கட்டினார்கள்: பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி. நான்கு வருடம் அதன் அடியில் நடந்து பள்ளிக்குப் போனேன். வருடா வருடம் துணி மட்டும் புதிதாக மாறியது.

பிறகு நாளிதழில் இருந்தபோது, ஒரு வருடம் நூறு விழுக்காடு பெற்ற பள்ளிகளின் பட்டியலில் எங்கள் பள்ளியும் வந்தது. பெட்டிச் செய்தியாக நான்தான் எழுதினேன். பதினோரு வரிகள். யார் எண்ணப்படவில்லை என்று நான் தொலைபேசியில் கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை. அண்ணன் அதைக் கத்தரித்து பீரோ கதவின் உட்புறம் ஒட்டிவைத்தார். இன்றும் அண்ணி புடவை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது தெரிகிறது. இந்த ஐம்பத்து மூன்று நாட்களும் அந்த அறையில்தான் படுத்திருக்கிறேன்.

அண்ணன் போன பிறகு, அந்தப் பச்சைக் கவுண்டி வெளியிட்ட அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த விளக்கக் குறிப்பைத் திறந்தேன். பல வருடங்களாக அதை வெட்டிவிட்டுத்தான் எண்களை எடுத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களே அடிப்படை. இடையில் வேறிடத்துக்கு மாறிப் போனவர்கள் அடிப்படையிலிருந்து கழிக்கப்படுவார்கள். நியாயமான விதிதான், ஊரைவிட்டுப் போன பிள்ளையை ஒரு பள்ளி எப்படிக் கணக்கில் வைத்துக்கொள்ளும்? ஆனால் போனார்களா, அனுப்பப்பட்டார்களா என்று பிரித்துக் காட்ட அதில் வரி இல்லை. எத்தனை பேர் என்றும் அந்தப் பக்கத்தில் இல்லை. நாளிதழில் நான் அட்டவணை போட்ட காலத்திலும் இல்லை.

ஆறு மணிக்கு ஜெனியை அழைத்தேன். அங்கே முந்தைய நாள் இரவு எட்டரை. ஜெனி திருவொற்றியூர்க்காரி. களைத்திருந்தாலும் குரலில் தெம்பு இருந்தது.

"நானே கூப்பிடலாம்னு இருந்தேங்க. பச்சை கவுண்டி ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்தேன். பிள்ளைங்களுக்கு ஆலோசனை சொல்ற அந்தக் கவுன்சிலர் அம்மா என்ன தன்மையா பேசுறாங்க தெரியுமா? ரோஷினி படிக்கிற விதத்த உக்காந்து கேட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"பயப்படாதீங்க, இங்க யாரையும் பெயிலாக்க மாட்டோம்னாங்க. இவளுக்குக் கஷ்டமா இருந்தா, இவளுக்கு ஏத்த எடம் ஒண்ணு இருக்காம். சின்ன சின்ன கிளாஸு. மாத்துறதெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம்."

"அந்த எடம் அதே ஸ்கூல்லயா?"

"இல்ல, வேற பில்டிங். கவுண்டி எல்லைக்கு அந்தாண்ட. ரெண்டு மூணு கவுண்டி சேந்து நடத்துதாம். பஸ் உண்டாம்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அவங்களுக்கு ஏதாவது செஞ்சு குடுக்கணும்ங்க. முறுக்கு சுட்டுக் குடுத்தா வாங்கிக்குவாங்களா?"

 அண்ணன் கேட்ட கேள்வியையும் அடிக்குறிப்பையும் அவளிடம் சொன்னேன். டி.சி. கதை அவளுக்கு முன்பே தெரியும். அந்த அம்மா உண்மையிலேயே நல்லவராக இருக்கலாம், அந்த மையமும் நல்லதாக இருக்கலாம். எங்கள் தலைமை ஆசிரியரும் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போதும் எனக்குத் தீர்ப்பு எதுவும் இல்லை. ரோஷினி அந்தப் பஸ்ஸில் ஏறினால் எந்தக் கட்டத்திலும் அவள் இருக்க மாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. மஞ்சள் கவுண்டியில் அவளுக்கு இப்போது வாரம் மூன்று நாள் தனியாகப் படிக்கச் சொல்லித்தரும் ஆசிரியை இருக்கிறார். அவரைப் பற்றி என் அட்டவணையில் கட்டமே கிடையாது.

"ஓடைக்கு இந்தப் பக்க வீட்டையே எடுத்துக்கலாம் ஜெனி" என்றேன்.

"அது போயிடுச்சு."

"எப்போ?"

"இன்னிக்கு மதியானம். நாலு நாளா பாத்துச் சொல்றேன், பாத்துச் சொல்றேன்னீங்க. அவங்க எத்தினி நாளு காத்துகினு இருப்பாங்க?" கோபம் வந்தால் அவளுக்கும் வடசென்னை வந்துவிடும். "நீங்கதான சொன்னீங்க பச்சை பச்சைனு. உங்க கலர நம்பித்தான போய் விசாரிச்சேன்."

வேறு வீடு தேட அவளுக்கு விடுப்பு இல்லை. நான் போய்த் தேட என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. பச்சைக் கவுண்டி வீட்டுக்காரருக்கும் மறுநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பின்னணியில் ரோஷினி எதையோ சத்தமாக எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். "டாடி எப்போ வர்றாருன்னு கேளு" என்று இடையில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கேட்டதை ஜெனி என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை. "அந்த பஸ்ல அவள ஏத்த விட மாட்டேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னாள். வெளியே லாரி ஒரு முறை உறுமி, நகராமல், மறுபடி நின்றது.

மாலையில் வேலை முடிந்து வந்த அண்ணனிடம் கணக்கைச் சொன்னேன். குறிப்பைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "அங்கியும் அதானா" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். பீரோவைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அது நீ எழுதுனதுடா, அது இருக்கட்டும்" என்றார் உள்ளிருந்து.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஜன்னலைத் திறந்தபோது சிவப்பு லாரி இல்லை. அதே இடத்தில் நீலக் கதவோடு இன்னொன்று நின்றது. பச்சைக் கவுண்டி வீட்டுக்கு ஜெனி கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்திருந்தது. அண்ணன் டீ கிளாஸோடு பக்கத்தில் வந்து நின்றார். நான் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனேன்: முகவரி, கவுண்டியின் பெயர், மாதம், தேதி. குடியிருப்போரில் பெரியவர்கள் அடையாள அட்டையை நேரில் காட்டிய பிறகே அவர்கள் பெயர் சேர்க்கப்படும் என்று ஒரு விதி. நான்காம் பக்கத்தில் அண்ணன் விரலை வைத்து, "இது இன்னா நெம்பரு?" என்றார்.

குடியிருப்போர் எண்ணிக்கை, இரண்டு.