தலைப்பக்கம் எது?

போன கிழமை நான் சுடலைக்குப் போய் வந்தேன். எங்கள் பெண்கள் போகாத இடம். பின் ஏன் போனாய் என்று கேட்கிறீர்களா? பக்கத்து வீட்டுப் பாக்கியத்துக்குத் துணையாகத்தான்.

அவளுடைய புருஷன் கந்தையா அண்ணை வைசூரியில் போய்விட்டார். கொட்டாஞ்சேனையில் இப்போது ஒரு சட்டம் — வைசூரியில் செத்தவரின் உடல் வீட்டுக்கு வரக்கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி நேரே பொரளைச் சுடலைக்குப் போய்விடும். குளிப்பாட்டு இல்லை, பந்தல் இல்லை. நடுவில் உடல் இல்லாமல் எதைச் சுற்றி இருந்து ஒப்பாரி வைப்பது?

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. நோய் பொல்லாதது. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் அம்மைப்பால் குத்தியாயிற்று.

ஆனால்... வாய்க்கரிசி? அதைப் பெண்கள் வீட்டில்தானே போடுவோம்? போட்டே தீருவேன் என்று பாக்கியம் ஒற்றைக்காலில் நின்றாள். கூப்பன் அரிசியில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கந்தையா அண்ணையின் தங்கை வாசலில் மறித்தாள். “பொம்பிளை சுடலைக்குப் போறதோ? சனம் சிரிக்கும்!”

“உங்கட அண்ணை வீட்டை வந்தா நான் ஏன் மச்சாள் அங்க போறன்?”

மச்சாள் விலகி நின்றாள். பிறகு, “வெயில் கொளுத்துது, குடையையாவது கொண்டு போ” என்றாள்.

பொரளையில் சுகாதார இன்ஸ்பெக்டர் எங்களைத் தள்ளி நிறுத்தினார். உத்தியோகத்தருடன் கதைக்க எனக்குக் கூச்சம். பாக்கியம்தான் கதைத்தாள்.

“பெட்டி திறக்க ஏலாது அம்மா. ஆணி அடிச்சாச்சு.”

“திறக்க வேண்டாம் தம்பி. வாய்க்கு நேர மேல போட்டிட்டுப் போறன்.”

அவர் யோசித்தார். தலையாட்டினார்.

பாக்கியம் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு பெட்டிக்குக் கிட்டப் போனாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“தம்பி... தலைப்பக்கம் எது?”

இன்ஸ்பெக்டர் லொறியில் வந்த ஆட்களைச் சிங்களத்தில் கேட்டார். ஒருவன் இந்தப் பக்கம் என்றான். மற்றவன் அந்தப் பக்கம் என்றான். தார் பூசிய பலகைப் பெட்டி — இரண்டு முனையும் ஒரே அகலம்.

பாக்கியம் அரிசியை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பங்கை இந்த முனையில் போட்டாள். சுற்றி நடந்து போய், மற்றதை அந்த முனையில் போட்டாள்.

“இஞ்சாருங்கோ... ரெண்டில ஒண்டு உங்களுக்குத்தான்.”

ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னபோதும் அழாதவள், அப்போதுதான் அழுதாள்.

சட்டம் எழுதும் துரைமாரே, பெட்டியை மூடுங்கள், ஆணியும் அடியுங்கள்... மூடியில் தலைப்பக்கம் சோக்குக் கட்டியால் ஒரு கோடு மட்டும் போட்டுவிடுங்கள்.