வெள்ளையாக வந்தது

அரிப்பு தாங்க முடியாமல் காரைக்காலில் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தேன். பூஞ்சைத் தொற்று என்று சொல்லி, படுக்கும்போது பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொள்ள மாத்திரை எழுதினார். "ஏதாவது கேக்கணுமா?" என்றார். திரைக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு செல்வி காத்திருந்தாள். அவள் காதில் விழுந்தால் எங்கள் ஊர் அம்பகரத்தூர் முழுக்கத் தெரிந்துவிடும். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, வெளியே மருந்து வாங்க நின்றேன்.

அன்று இரவே மாத்திரையை வைத்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலையில் உள்ளே எரிந்தது. உள்ளாடையில் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டுகள். கர்ப்பப்பையே கரைந்து வருகிறதோ என்று பயந்துபோனேன். வீட்டுக்காரரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. கிடைத்த பஸ்ஸில் மருத்துவரிடமே ஓடினேன்.

"மாத்திரைதான் கரைஞ்சு வருதும்மா. லேசா எரியவும் செய்யும். ரொம்ப எரிஞ்சா வாங்க. அரிப்பு நின்னுட்டுதேன்னு மருந்தைப் பாதியில விட்டுடாதீங்க."

ஊரில் இறங்கினால் பஸ் ஸ்டாப்பில் செல்வி நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னை ஓரமாக அழைத்துப்போய்க் கேட்டாள்:

"அக்கா, உள்ள வக்கிற மாத்திரை வச்சா வெள்ளையா வருமா? டாக்டர்கிட்டயே கேட்டிருப்பேன். நேத்து நீங்க வெளியில நின்னீங்க, அதான் கேக்கல."

என்னைப் பார்த்தும் ஒருத்தி பயப்படுவாள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.