மடிப்பில் முகம் விழக்கூடாது

திண்டிவனத்தில் ஒரு மாதப் பத்திரிகைக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். இந்த வேலைக்கு வந்தபின் எந்தப் போட்டோவைக் கையில் வாங்கினாலும் முதலில் அதன் நட்ட நடுவைத்தான் பார்ப்பேன். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் படம் போட்டால் நடு மடிப்பில் யார் முகமும் விழக்கூடாது. விழுந்தால் மூக்கு உள்ளே போய்விடும், காது மட்டும் வெளியே நிற்கும். ஓரத்தில் நிற்பவர்கள் உள்பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். வெளியே திரும்பினால் பத்திரிகையை விட்டே கிளம்புகிற மாதிரி இருக்கும். தலைப்பு வைக்க மேலே கொஞ்சம் வெறும் வானமும் வேண்டும்.

இதையெல்லாம் ஷார்ஜாவில் இருக்கும் என் கணவரிடம் போனில் சொல்லிச் சொல்லி அவர் உயிரை வாங்கியிருக்கிறேன். புருஷன் பெண்டாட்டி பேச வேறு விஷயமா இல்லை என்று கேட்கலாம். மூன்று வருஷமாக ஊருக்கு வராத மனுஷரிடம் "எப்போ வர்றீங்க" என்று ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். அதனால் ஆபீஸ் கதையே பேசுவேன்.

பெருநாள் இதழுக்கு, வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் கோட்டக்குப்பத்துக்காரர்களை ஒன்றாக நிற்கவைத்து இரண்டு பக்கத்துக்குப் படம் போடலாம் என்றார் ஆசிரியர். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடியோ காலில் என் கணவர் முகம் உள்ளங்கை அளவுதான், அதுவும் பாதிப் பேச்சில் அப்படியே நின்றுவிடும். காகிதத்தில் பெரிதாக அவரைப் பார்க்க வேண்டும், அந்தப் பக்கத்தை நானே அமைக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. அன்றே போன் செய்தேன்.

"நடுவுல மட்டும் நிக்காதீங்க. மடிப்புல போயிடுவீங்க."

"எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா இதத்தானே கேட்டுக்கினு இருக்கேன். நான் பார்த்துக்கிறேன், நீ ஜல்தியா பேஜ ரெடி பண்ணு" என்றார்.

வெள்ளிக்கிழமை எடுத்த படம் சனிக்கிழமை காலையில் வந்தது. மொத்தம் பதினொரு பேர். இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஆறு, நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடைவெளி. ஓரத்தில் இருந்தவர்கள் சொல்லிவைத்தாற்போல் உள்பக்கம் தோளைத் திருப்பியிருந்தார்கள். மேலே தாராளமாக வானம். வெட்டவும் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம்.

"யாரும்மா எடுத்தது? நம்ம ஆபீஸ் ஆளு எடுத்த மாதிரி இருக்குதே" என்றார் ஆசிரியர்.

அப்போதுதான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அவர் இல்லை.

போனில் கேட்டால் பெருமை தாங்கவில்லை அவருக்கு. "இங்க வேற யாருக்கு இந்த ரூல்லாம் தெரியும்? ஒருத்தன நிக்க வச்சா இன்னொருத்தன் நகர்றான். ஒரே பேஜாரு. அதான் நானே எடுத்தேன். எப்படி இருக்குது?"

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்ட வேண்டும் போலிருந்தது. "நல்லா இருக்குதுங்க" என்றேன். போனை வைத்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன்.

இதழ் அச்சாகி வந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போய் மாமியாரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை மடியில் விரித்து, இடமிருந்து வலமாக விரலை ஓட்டினார். பிறகு வலமிருந்து இடமாக ஓட்டினார்.

"எம்புள்ள எங்கம்மா?"

"அவருதான் மாமி எடுத்தாரு."

மாமி விரலை எடுத்துவிட்டு அவர்கள் கண்களைப் பார்த்தார். "அப்போ இவங்க அத்தன பேரும் அவனத்தான் பார்த்துக்கினு நிக்கிறாங்களா?"

"ஆமா மாமி."

"குடுத்து வச்சவங்க" என்றார்.