நாலாவது மாடியிலிருந்து இறங்கிய அரிசி

கோபால் அங்கிள் செய்த மிஷினை நாம்தான் பிடுங்கிப் பூட்டி வைத்தோம். பி புளோக்கில் குடியிருக்கும் நாம் எல்லோரும். நானும்தான்.

அவர் இறந்த செய்தி நம் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேலையில் இருந்தேன். மிஷின் போன பிறகு காலியான கொட்டகைக்குள் விழுந்து கிடந்தாராம். மாரடைப்பு. கும்பிடும் கைகளும் பூக்களும் வரிசையாக வந்து விழுந்தன. சற்று மேலே தள்ளிப் பார்த்தேன். அதே ஆட்கள் போன மாதம் அதே குழுவில், “அந்த மிஷின மொதல்ல எடுக்கச் சொல்லுங்க” என்று எழுதியிருந்தார்கள்.

கிள்ளானில் நம் அடுக்குமாடிக்கு லிஃப்ட் கிடையாது. அவர் மனைவி சிவகாமி ஆன்டி இருப்பது நாலாவது மாடி. சர்க்கரை நோயில் ஒரு கால் போன பிறகு, அவரை ஒருமுறை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துப் புளோக் பையன்கள் கீழே தூக்கிவந்தார்கள். பாதிப் படியில் நாற்காலிக் கால் உடைந்து ஆன்டி விழுந்தார். அதன்பிறகு அவர் கீழே வரவில்லை. “படி ஏற முடிஞ்சவனுக்கு இது வீடு. முடியாதவனுக்கு ஜெயில்” என்று அங்கிள் அடிக்கடி சொல்வார்.

புளோக்குக்குப் பின்னால், வாழைக்கன்றுகளுக்கு நடுவே, தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டார். பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் இன்ஜின், கம்பி வடம், பழைய இரும்புக் கடையில் வாங்கிய கூண்டு, எல்லாம் சேர்த்துச் சொந்தமாக ஒரு லிஃப்ட். முதல் சோதனையில் ஓர் அரிசி மூட்டையைக் கட்டி ஏற்றினார். அது மூன்றாவது மாடிக் கொடியில் காய்ந்த கைலியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கைலிக்காரர் மேலிருந்து கத்தினார். அங்கிள் அண்ணாந்து, “அரிசி மேல வந்திருச்சா இல்லையா? கைலி ஃப்ரீ லா, அண்ணே” என்றார்.

பிறகு எல்லோரும் உபயோகித்தோம். கேஸ் சிலிண்டர், சலவை மிஷின், தீபாவளிக்கு மாவு மூட்டை, எல்லாம் அந்தக் கூண்டில்தான் ஏறின. அப்போது யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. மணல் மூட்டைகளை ஏற்றி இறக்கிப் பார்த்து, தானும் உட்கார்ந்து பார்த்து, “அடுத்த வாரம் சிவகாமிய எறக்கப் போறேன். பத்துமல முருகன பாத்து வருசமாச்சு அவளுக்கு” என்று அவர் சொன்ன பிறகுதான் நமக்குக் காது திறந்தது. குடியிருப்போர் கூட்டத்தில் பாதுகாப்பு பற்றி எல்லோரும் பேசினோம். ஆபத்தே இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால், ‘ஓர் இன்ஜினியரைக் கூப்பிட்டுச் சரிபார்ப்போம்’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ‘எடு’ என்றோம். கை தூக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கெடுகிறது என்ற எரிச்சலில் நானும் தூக்கினேன்.

நிர்வாகக் குழுவினர் மிஷினைத் தள்ளிக்கொண்டு போய்ப் படிக்கட்டுக்குக் கீழே உள்ள ஸ்டோரில் பூட்ட வந்தார்கள். அதற்கு முன் அங்கிள் ஸ்பேனரை எடுத்து, இன்ஜினை உதைத்துக் கிளப்பும் கிக்கரைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“இந்தா, வச்சிக்கோ. நீயும் கை தூக்குனதான?”

“ஆமா அங்கிள்.”

“பரவால்ல. தூக்குனவங்கள்ல நீ ஒருத்தன்தான் இங்க வந்து நிக்கிற.”

இறுதிச் சடங்கன்று அவர் உடல் கீழே கூடாரத்தில் கிடந்தது. மனைவி வாய்க்கரிசி போட வேண்டும். மேலே போன பையன்களோடு நானும் போனேன். கையில் நாற்காலி. ஆன்டி அழவில்லை. “மிஷின்ல எறக்குறேன்னு சொன்னாரு. அத பூட்டுனவங்க தோள்ல ஏறி நான் வரமாட்டேன். போங்கப்பா” என்றார். பிறகு, காய்கறி லோரிக்காரரிடம் சாமான் வாங்கக் கயிற்றில் இறக்கும் கூடையை எடுத்து, ஒரு கிண்ணத்தில் அரிசியை வைத்து, நடைபாதைச் சுவருக்கு மேலாக மெல்ல இறக்கினார்.

 கூடை மாடி மாடியாக இறங்கியது. ஓர் அரிசிகூடச் சிந்தவில்லை. அங்கிளின் தம்பி அதை வாங்கிப் போட்டார். காலிக் கிண்ணத்தோடு கூடை மேலே போனது. நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

கோபால் அங்கிளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கிக்கர். என் பையில் இருக்கிறது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் இடுப்பில் இடிக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் ஆன்டி கீழே வர வேண்டும். ஸ்டோரைத் திறக்கச் சொல்ல வேண்டும், தெரிந்தவர் ஒருவரை வைத்து மிஷினைச் சரிபார்க்க வேண்டும். இதைத்தான் குழுவில் கேட்டேன். படித்துவிட்டீர்கள் என்று நீலக் குறி காட்டுகிறது. அங்கிளுக்குப் பூ அனுப்பியவர்கள் யாரும் இதற்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. இங்கே மறுபடியும் கேட்கிறேன்:

சாவியை வாங்க என்னோடு யார் வருகிறீர்கள்?