ஓர் அப்பா, ஒரு ரம்பம், ஒரு பியானோ பெஞ்சு

பியானோ டீச்சராக இருக்க இவ்வளவு பொறுமை வேண்டும் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை.

கரங்கானில் ஒரு வீடு. மாணவி தர்ஷினிக்கு ஏழு வயது. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் ஆடும். பிடிமானம் இல்லாமல் வாசிப்பும் தடுமாறும். "கால் ஊன்றி உட்காரணும்ண்ணே" என்று போன வாரம் அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இந்த வாரம் போனால்... பெஞ்சின் நாலு காலையும் ரம்பத்தால் அறுத்து வைத்திருக்கிறார்!

"இப்ப கால் நல்லா ஊனுது பாருங்க டீச்சர்" என்கிறார், பெருமையாக. கால் ஊனுகிறது, சரி. கை? முழங்கை கீபோர்டுக்குச் சமமாக இருக்க வேண்டாமா? கீபோர்டு பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே நிற்கிறது. "வலிக்குது டீச்சர்" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறாள். சனிக்கிழமை பரீட்சை. அங்கே ஏற்றி இறக்கும் பெஞ்சு உண்டு. அதுவரை வீட்டில் வாசித்துப் பழக வேண்டுமே! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"ரெண்டு தடிப் புத்தகம் கொண்டாங்க, மேல போட்டு உக்காரட்டும்" என்றேன். அவள் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது.

"புத்தகத்து மேலயா? அது சரஸ்வதியாச்சே டீச்சர்... பரீட்சை நேரத்துல வேணாம்லா."

தலையணை போட்டோம். உட்கார்ந்ததும் அமுங்கிப்போனது. கடைசியில் அம்மாவே சாமி ரூமிலிருந்து மணையைத் தூக்கி வந்தார். உட்காரத்தானே மணை! முழங்கை சரியான உயரத்துக்கு வந்தது. கால்... மறுபடியும் அந்தரத்தில்.

"அறுத்த துண்டெல்லாம் எங்கண்ணே?"

"நல்ல மரம் டீச்சர், தூக்கிப்போட மனசு வரல."

அந்த நாலு துண்டின் மேல் ஒரு பலகையை அடித்து, காலடியில் வைத்தார். தர்ஷினி பாட்டு முழுவதையும் நிறுத்தாமல் வாசித்தாள். மணிக்கட்டைப் பிடிக்கவே இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நம் ஆட்கள் இப்படித்தான். பிள்ளைக்கு ஒரு குறை என்று காதில் விழுந்தால் போதும், மீதியைக் கேட்க நேரமிருக்காது. பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அரை நிமிஷம் பொறுத்தால் என்ன?

கிளம்பும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "பிள்ளை வளர வளர இந்த உயரமும் சரிப்படாதுண்ணே" என்று சொல்லிவிட்டேன். அவர் பெஞ்சைப் பார்க்கவில்லை... பியானோவின் காலைப் பார்த்தார்.

ரம்பம் இப்போது என் காடியின் பின்சீட்டில் இருக்கிறது.